அப்பாவை எடுக்கச் சொன்னேன்

கேப்டன் மாத்தன் அந்த மெசேஜை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். பாதி வாசிக்கும்வரை அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

மத்தியான நேரம். காற்று சுத்தமாக நின்றிருந்தது. நான் படகுக்குள்ளே சமையல் மூலையில், இடுப்பை ஒரு வாரில் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். காற்றுதான் இல்லையே தவிர அலை இருந்தது. எங்கிருந்தோ புறப்பட்டு வரும் பெரிய, வழவழப்பான அலை. படகு ஒவ்வொரு தடவை உருளும்போதும் தலைக்கு மேலே பாய்மரத்துப் பாய் படாரென்று அடிக்கும், தொங்கும், மறுபடி அடிக்கும். காலையிலிருந்து அந்தச் சத்தம் நிற்கவே இல்லை.

"லிங்கம், உன் சிஸ்டர் எழுதியிருக்கா" என்று படியில் குனிந்தார் கேப்டன். கையில் சோப்புக்கட்டி அளவு சாட்டிலைட் கருவி. என் தங்கச்சி தனம் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். அவரோ மலையாளி, கண்ணாடியையும் மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

"அண்ணே... அப்பா... காலைல... போ... போயிட்..."

நிறுத்திவிட்டார். கருவியை என் பக்கம் நீட்டினார்.

"எடா, நீயே வாசிச்சுக்கோ" என்றார்.

"அண்ணே அப்பா காலைல போயிட்டாரு. நீ எங்க இருக்க. எப்ப வருவ." அவ்வளவுதான் இருந்தது.

நான் மீதி வெங்காயத்தையும் அரிந்து முடித்தேன். அடுப்பைப் பற்றவைத்துக் கடுகுகூடத் தாளித்துவிட்டேன். கேப்டனின் மனைவி ரேச்சல் மேடம் இறங்கி வந்து அடுப்பை அணைத்தார். என் கையிலிருந்த கரண்டியை அவர்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

கொடுத்து வைத்தவனாம்!

என் கடல் பயணத்தைப் பற்றி இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் ஒரே கேள்வி. டால்பின் பார்த்தீர்களா? பார்த்தேன் ஐயா, பார்த்தேன். குன்னூர் மார்க்கெட்டில் கேரட் வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கொடுத்து வச்சவருங்க நீங்க, பாய்மரப் படகுல சமுத்திரத்தையே சுத்தியிருக்கீங்க" என்றார். என்னத்தைக் கொடுத்து வைத்தேனோ, எனக்குத் தெரியவில்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் கூடலூர் பக்கத்துத் தேவாலாக்காரன். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். கொழுந்து மூட்டை தூக்க முதுகு ஒத்துழைக்காததால் குன்னூருக்கு வந்து சமையல் கற்றுக்கொண்டேன். சரக்குக் கப்பல்களில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்ற மாத்தன் சாரின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். கொச்சியிலிருந்து மொரீசியஸ் தீவு வரைக்கும் அதில் போகப் போவதாகச் சொன்னார். "சமைக்க ஒரு ஆள் வேணும், கயிறு இழுக்கவும் ஒரு ஆள் வேணும். ரெண்டும் நீயே" என்றார். அவர், மேடம், நான். படகில் மூன்றே பேர்.

அந்த வாழ்க்கையைப் பற்றி அழகாகச் சொல்ல எனக்கு வரவில்லை. துண்டு உப்பில் காய்ந்து விறைத்துப் போகும். முகம் துடைத்தால் எரியும். சோறு பொங்க நல்ல தண்ணீரோடு ஒரு பங்கு கடல் தண்ணீரும் சேர்க்க வேண்டும். நல்ல தண்ணீர் மிச்சம், உப்பும் போட வேண்டாம். பாத்திரம் கழுவ முழுக்கக் கடல் தண்ணீர். ஊட்டியிலிருந்து கொண்டுபோன முட்டைக்கோஸ், தினமும் மேல் இலை உரித்து உரித்து, கடைசியில் கைக்குள் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. முறைபோட்டுத் தூக்கம். நான் எழுந்தால் என் படுக்கையில் மேடம் படுப்பார். மலையில் ஸ்வெட்டரோடு வளர்ந்த உடம்பு எனக்கு. பூமத்திய ரேகைப் பக்கம் அந்த வெயிலில் நாக்கு தள்ளிவிட்டது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டுதான் வந்தேன், அந்த மத்தியானம் வரைக்கும்.

"புள்ள வரட்டும்"

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அப்பா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். சிறு பையனாக இருக்கும்போது தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர். அம்மாவோடும் அக்காவோடும் வந்தார். அவருடைய அப்பாவுக்கு மட்டும் பாஸ்போர்ட் வரவில்லை. "அடுத்த கப்பல்ல வந்துர்றேன்" என்று சொல்லிக் கரையில் நின்றவர், அடுத்த கப்பல் வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். யார் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள், ஒன்றும் தெரியாது. பெற்றவரின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை அப்பா பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அப்பா கடல் பக்கமே போகவில்லை. நான் இந்த வேலைக்குக் கிளம்பும்போதுகூட, "ஒனக்கு நெலத்துல வேலையே கெடைக்கலையாடா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதில் சொல்வதற்குள் எழுந்து லயத்துத் தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

எங்கள் லயத்தில் யார் இறந்தாலும் அப்பா முன்னால் போய் நிற்பார். கொள்ளி வைப்பது எங்களில் இல்லை, மண்ணில்தான் புதைப்போம். மூத்த மகன் முதல் பிடி மண் போட வேண்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான், பெங்களூரில் செக்யூரிட்டியாக இருப்பான். ஊர்க்காரர்கள் அவசரப்படுவார்கள். அப்பா விடவே மாட்டார்.

"என்ன அவசரம் ஒங்களுக்கு? அவருக்கு என்ன பஸ்ஸா போகப்போகுது? புள்ள வரட்டும். மொகத்தைப் பார்க்காம எப்புடித் தூக்குவீங்க?" என்று காம்பரா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். காம்பரா என்றால் லயத்து அறை, சிலோன் பேச்சு. யூனியன் தலைவர், தோட்டத்துக் கிளார்க்கு, யார் வந்து சொன்னாலும் அசைய மாட்டார். இரண்டு பகல் இப்படி உட்கார்ந்து ஒருவனை பெங்களூரிலிருந்து வரவழைத்திருக்கிறார். வந்து இறங்கியவன் அப்பா காலைக் கட்டிக்கொண்டு அழுததை நானே பார்த்தேன்.

நாளடைவில் அது எங்கள் லயத்துச் சட்டமாகவே ஆகிவிட்டது. மூத்த பிள்ளை வராமல் எடுப்பதில்லை.

மூத்த பிள்ளை நான். நானோ சமுத்திரத்தின் நடுவில், காற்றில்லாத ஒரு படகில்.

தென்கோடித் தீவு

கேப்டன் வரைபடத்தை விரித்தார். மாலத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் ஒரு தீவு, அங்கே விமான நிலையம் இருந்தது. நாங்கள் அதைத் தாண்டித் தென்மேற்கே வந்திருந்தோம்.

"திரும்பலாம். இன்ஜின் போட்டுப் போவோம். நடுவுல காத்து வந்தா போதும். அங்கேருந்து பிளைட், மாலே, கொச்சி. நெலம்பூர் வழியா நாடுகாணி ஏறினா உங்க ஊரு" என்று விரலை வைத்துக் காட்டினார்.

"போயிருவோமா சார்?"

"காத்து வந்தா போயிருவோம்டா."

நான் தனத்துக்கு எழுதினேன். "வந்துட்டு இருக்கேன். காத்து இல்ல. பாத்துக்க." கருவியை வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மேல்தளத்தில் நின்றேன். வீடியோ கால், போட்டோ எல்லாம் அதில் கிடையாது. நாலு வரி எழுத்து போகும், நாலு வரி வரும், அதுவும் நினைத்த நேரத்துக்கு இல்லை.

பதில் வந்தது. "கூடலூர்ல இருந்து ஐஸ் பெட்டி வந்துருச்சு. நீ வராம எடுக்க மாட்டோம். அப்பா அப்புடித்தான சொல்லுவாரு."

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "பக்கத்துல எங்கயாச்சும் எறங்கி பஸ்ஸு புடிச்சாவது வந்துருண்ணே."

பாவம், அவள் என்ன செய்வாள்! எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த கடல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருந்ததுதான். ஏறினால் இறங்கிவிடலாம், இறங்கினால் ரயில் நிற்கும். அப்பா சொல்லிச் சொல்லி நாங்கள் கேட்டு வளர்ந்த கடல் அது. இந்தக் கடலில் நான்கு பக்கமும் தண்ணீர்தான் என்பதை நாலு வரியில் எப்படி எழுதுவது?

மேடம் என் தோளைத் தொட்டு, "சாப்பிடு லிங்கம்" என்றார். நான் சமைக்காத சாப்பாடு அன்றைக்குத்தான் அந்தப் படகில் முதல்முறையாக நடந்தது. கஞ்சியும் ஊறுகாயும். தட்டை அப்படியே தள்ளி வைத்தேன்.

டீசல்

இன்ஜின் ஓடியது. அந்தப் புகை நாற்றமும் தடதடப்பும் எனக்கு அதுவரைக்கும் பிடிக்காது. இப்போது அது நின்றுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் தனம் எழுதினாள். "ஆனை வந்து மரத்தைத் தள்ளிருச்சு. கரண்ட்டு இல்ல. ஜெனரேட்டர் கேட்டுருக்கோம். பயப்படாத."

எங்கள் பக்கத்தில் இது அதிசயமே இல்லை. பாக்கு மரமோ பலா மரமோ யானை சாய்த்தால் அது கம்பி மேல்தான் விழும். லைன்மேன் வந்து பார்க்க யானை அங்கிருந்து போக வேண்டும். சாதாரண நாளில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு யானையைத் திட்டுவோம். பெட்டிக்குள் அப்பா இருக்கும்போது கரண்ட்டு போவதை நினைத்துப் பாருங்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கடலிலேயே வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் கேப்டன் இன்ஜினை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் நான் கீழேயிருந்து ஓடி வந்தேன். "என்ன சார் ஆச்சு?"

"டீசல் இவ்வளவுதான்டா. மீதிய வைக்கணும். அந்தத் தீவச் சுத்திப் பவளப்பாறை. இன்ஜின் இல்லாம உள்ள நுழைஞ்சா படகு தீர்ந்துச்சு. இனி காத்துதான்."

"கொஞ்ச நேரம் ஓட்டுங்க சார்."

"லிங்கம்..."

"உங்க அப்பாவா இருந்தா நிறுத்துவீங்களா?"

வாயிலிருந்து வந்தே விட்டது. பன்னிரண்டு பேருக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினேன், இருந்தது மூன்று பேர். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேப்டனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் என்று இருந்திருக்கும்.

"நிறுத்துவேன்டா. மூணு உயிர் இருக்கு இதுல" என்றார்.

நான் முன்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். கால் வைத்தால் சுடுகிற தளம். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி மினுங்கியது. எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. மாரியம்மா, முருகா, வேளாங்கண்ணி மாதா, மேடம் கும்பிடும் அந்தோணியார் என்று தெரிந்த பேரையெல்லாம் கூப்பிட்டேன். ஒரு இலை அசையும் காற்று கேட்டேன். எங்கள் தேவாலாவில் ஆடி மாதம் கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போகிற காற்று அடிக்கும். அதைச் சனியனே, பிடாரி என்று எவ்வளவு திட்டியிருப்போம்!

பின்னால் போன படகு

சாயங்கால வெயிலில் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். இடம் காட்டும் திரையைச் சுட்டிக்காட்டினார்.

இன்ஜினை நிறுத்தியபோது இருந்ததைவிடத் தீவு தள்ளிப் போயிருந்தது.

"நீரோட்டம்" என்றார். "மேற்கே இழுக்குது. நாம சும்மா நிக்கலை, பின்னாடி போயிட்டு இருக்கோம்."

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே இரண்டு கையாலும் அடித்துக்கொண்டேன். கேப்டன் என் கையைப் பிடித்தார். எழுபதை நெருங்குகிற மனிதர், அவரும் தூங்கவில்லை.

மறுநாள் காலையிலும் அப்படியேதான். பாய் அடிக்கிறது, தொங்குகிறது, அடிக்கிறது. தனத்தின் மெசேஜ் வந்தது.

"ஆளுங்க ஒரு மாதிரி பேசுறாங்கண்ணே. பூசாரி எடுத்துரச் சொல்றாரு. ஜெனரேட்டர் நின்னு நின்னு போவுது. நான் விட மாட்டேன். வாசல்ல உக்காந்துருக்கேன். அப்பா நாற்காலிலதான் உக்காந்துருக்கேன். நீ வா."

இதை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று தெரியாது. தனம் ஒல்லிக் குச்சி. சத்தமாகப் பேச வராது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவ்வளவு பேரையும் எதிர்த்துக்கொண்டு, என்னை நம்பிக் காத்திருக்கிறாள். பெட்டிக்குள் அப்பா என்ன நிலையில் இருந்திருப்பார்? யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள் என்றால் எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

கேப்டனிடம் போனேன்.

"சார், உண்மையச் சொல்லுங்க. இன்னைக்குக் காத்து வருமா?"

அவர் வெகுநேரம் அடிவானத்தைப் பார்த்தார். பாரோமீட்டரைத் தட்டிப் பார்த்தார். "தெரியலை" என்றார். "வரும்னு சொல்ல எனக்கு ஆசைதான்டா. ஆனா தெரியலை."

மேடம்தான் சொன்னார், மெதுவாக. "அந்தப் பொண்ணை எவ்வளவு நேரம் அங்க உட்கார வைப்ப, லிங்கம்?"

இரண்டு வார்த்தை

எழுதுவதற்கு உட்கார்ந்தேன். உப்புக் காற்றில் திரை பிசுபிசுவென்று இருந்தது. விரல் வழுக்கியது. முதலில் பெரிதாக எழுதினேன், அழித்தேன். கடைசியில் இதை மட்டும் அனுப்பினேன்.

"எடுத்துருங்க தனம்."

போய்விட்டது என்று திரை காட்டியது. நான் வெறுமனே அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதில் சீக்கிரமே வந்தது. "முடியாது. அப்பா கேட்டா நான் என்ன சொல்ல."

அழுகை அப்போதுதான் வந்தது. அதுவரைக்கும் வரவில்லை. பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி அழுதேன். மேடம் பக்கத்தில் நின்றார், தொடவில்லை. அப்பா தன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனதற்காக வாழ்நாளெல்லாம் ஊரார் வீட்டு வாசலில் உட்கார்ந்து சண்டை போட்டார். அவர் வாசலில் உட்கார்ந்திருப்பவளை, எழுந்திருடி, தூக்க விடு என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்தப் பாவத்துக்கு இது?

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். "மூத்தவன் நான் சொல்றேன். அண்ணன் சொல்லிட்டான்னு அப்பா காதுல சொல்லு. சித்தப்பா மகனை மண்ணு போடச் சொல்லு. எந்திரிச்சு வழி விடும்மா."

இதற்குப் பதில் வரவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. நான் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பாயின் நிழலில் கிடந்தேன். நிழல் படகோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. மேடம் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அது ஆறி, ஆடை கட்டியதும் அப்படியே கொட்டினேன்.

வெயில் இறங்கும் நேரத்தில்தான் கருவி சத்தம் போட்டது.

"எடுத்தாச்சுண்ணே. காதுல சொன்னேன்."

காற்று

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். கேப்டனும் மேடமும் இருக்கிறார்கள், குன்னூரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனத்தின் மெசேஜைப் படித்து முடித்து வெகுநேரம் ஆகியிருக்காது. என் பிடரியில் குளிர்ந்து ஏதோ பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே தண்ணீர் கறுத்திருந்தது. கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்தது. தொங்கிக் கிடந்த பாய் ஒரு முறை நடுங்கி, உப்பி, இறுகிக்கொண்டது. அத்தனை நாளாகக் காதைத் துளைத்த அந்த அடி நின்றது. படகு ஒருபக்கம் சாய்ந்து கிளம்பியது. இரண்டு பக்கமும் நுரை. நான் கும்பிட்டுக் கேட்ட காற்று, நான் கேட்டதைவிட அதிகமாக.

"வந்துட்டுடா! காத்து வந்துட்டு!" என்று கேப்டன் கத்தினார். பழக்கதோஷம். கத்திய பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். மேடம் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

படகு போன வேகத்துக்கு எதையாவது பிடிக்காமல் நிற்க முடியவில்லை. சுக்கானை இரண்டு கையாலும் பிடித்தபடி கேப்டன் ஓட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"லிங்கம். இப்படியே அடிச்சா நாளைக்கு மத்தியானம் அந்தத் தீவு. அங்கதான் போகணுமா? இல்ல, மொரீசியஸ் பக்கம் திருப்பட்டுமா?"

நான் கிழக்கே பார்த்தேன். தெற்கே பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர்தான் இருந்தது. தேவாலாவில் இந்நேரம் மண் மூடியிருப்பார்கள், கூட்டம் பீலியில் கை கால் கழுவிக்கொண்டிருக்கும்.

"சொல்லுடா. நீ எங்க சொல்றியோ அங்க."

"எங்க வேணாலும் போங்க சார்" என்றேன். "எனக்கு இனிமே அவசரமில்ல."